கசக்காத பிளாக் டீ போடுவது எப்படி?

பால் டீயை அருமையாகப் போடுகிறவர்கள்கூட பிளாக் டீ என்று வந்தால் தடுமாறிவிடுவார்கள். காரணம் கைப்பழக்கம். தண்ணீரில் தூளைப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, மறுபடி பொங்கவிட்டு இறக்குவது நம் வீட்டு வழக்கம். கொதிக்கும்போது தூளிலிருந்து இறங்கும் துவர்ப்பைப் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. அதனால் நாக்குக்கு அது தெரிவதில்லை. அதே மாதிரி கொதிக்கவிட்டுப் பாலை மட்டும் நிறுத்தினால் அத்தனை துவர்ப்பும் நேராக நாக்கில் வந்து இறங்கும். உடம்புக்கு நல்லது என்று பிளாக் டீக்கு மாறிப் பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் பழையபடி பால் டீக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளாக் டீக்குத் தூள் அடுப்பைப் பார்க்கவே கூடாது. கொதித்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி, மூடி, ஊறவிட்டு, வடிகட்ட வேண்டும். மற்றதெல்லாம் அளவும் நேரமும்தான்.

ஒரு கோப்பைக்குத் தேவையானவை

- தேயிலை: 2 முதல் 2.5 கிராம்
- தண்ணீர்: 200 மி.லி.
- மூடியுள்ள பீங்கான் கோப்பை அல்லது சின்ன டீ பாட். மூடி இல்லையென்றால் மேலே ஒரு தட்டு போதும்
- கண் நெருக்கமான வடிகட்டி
- நேரம் பார்க்க போன்

வீட்டு டம்ளரில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று ஒரே ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 120 மி.லி. பிடிக்கிற டம்ளரும் உண்டு, 250 பிடிப்பதும் உண்டு. ‘ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன்’ என்ற கணக்கு வீட்டுக்கு வீடு வேறு ருசி தருவது இதனால்தான்.

எந்தத் தேயிலை?

மளிகைக் கடையில் கிடைக்கும் டீத்தூளில் பெரும்பகுதி சி.டி.சி. வகை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே கொழுந்தை விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவார்கள். 1930களில் அசாமில் உருவான முறை இது. சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பாக இருக்கும், பாலைத் தாங்கும். பால் டீக்கு இதைவிடச் சரியான தூள் கிடையாது. இதில் பிளாக் டீ போட முடியாதென்றில்லை. ஆனால் அளவு அரைக் கிராம் கூடினாலோ நேரம் அரை நிமிடம் தாண்டினாலோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது தோதுப்படாது.

வாங்க வேண்டியது ஆர்த்தடாக்ஸ் தேயிலை. கொழுந்தை வாட்டி, முறுக்கி, காற்றில் பதப்படவிட்டு, உலர்த்தியது. குருணையாக இல்லாமல் கறுத்த, முறுக்கிய இலைத் துண்டுகளாக இருக்கும். பாக்கெட்டின் மேல் சில எழுத்துகள் இருக்கும். ஓ.பி. என்றால் முழு இலை. பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை. பி.ஓ.பி.எஃப். அதைவிடப் பொடி. கடைசியில் டஸ்ட். இவையெல்லாம் துண்டின் அளவைச் சொல்கின்றனவே தவிர தரத்தைச் சொல்வதில்லை. மட்டமான ஓ.பி.யும் உண்டு, அருமையான டஸ்டும் உண்டு. பொடியாக ஆக சாயம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான். பழகுவதற்கு பி.ஓ.பி. நல்லது. மூன்று நிமிடத்தில் தயாராகும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஊரைப் பொறுத்தும் குணம் மாறும். நீலகிரித் தேயிலை மணமானது, துவர்ப்பு குறைவு, சாயம் பளிச்சென்று இருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் பறிக்கும் கொழுந்தில் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும். பால் கலக்காமல் குடிக்க இதற்கு மிஞ்சி வேறு தேவையில்லை என்பது எங்கள் கட்சி. இலங்கையில் நுவரெலியாத் தேயிலை மெல்லியது, வெளிர் நிறம். ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் பறித்ததுதான் பேர் பெற்றது. தெற்கே ருகுணைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை கறுத்த சாயமும் கனமும் உள்ளது; கடுப்பு வேண்டுமென்பவர்களுக்கு அது பொருந்தும். இலங்கைத் தேயிலை என்று வாங்கினால் பாக்கெட்டில் தேயிலை வாரியத்தின் சிங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, அங்கேயே பாக்கெட் செய்தது என்பதற்கான அடையாளம் அது.

முதலில் 100 கிராம் பாக்கெட் போதும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் 50 கோப்பை வரும்.

தண்ணீர்

கோப்பையில் இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர்தான். குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீரே டீக்கும் நல்லது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் நிறம் மங்கி, மேலே பளபளப்பாக ஓர் ஆடை படியும். வடிகட்டி அழுக்கு என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் தண்ணீரில் உள்ள கால்சியமும் தேயிலைச் சாயமும் சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும் படலம் அது. கேன் தண்ணீர் அல்லது பில்டர் தண்ணீருக்கு மாறினால் போய்விடும். தாதுக்கள் அடியோடு நீங்கிய ஆர்.ஓ. தண்ணீரில் டீ சப்பென்று இருக்கலாம். அப்போது பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள்.

ஒருமுறை கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தால் ஆக்ஸிஜன் போய்விடும், டீ கெடும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். முதல் கொதியிலேயே தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட முழுதும் வெளியேறிவிடுகிறது, ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கணக்காக அடுப்பில் கிடந்து சுண்டிய தண்ணீரில் உப்புச் சத்து கூடும் என்பது மட்டும் உண்மை.

இனி, செய்முறை

1. தேவைக்கு மேல் 100 மி.லி. சேர்த்து, 300 மி.லி. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். முத்து முத்தாகக் குமிழி வந்தால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

2. கூடுதலாக வைத்த அந்த வெந்நீரைக் கோப்பையில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். கனமான பீங்கான் கோப்பை சில்லென்று இருந்தால் ஊற்றிய உடனே சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடு குறைந்த தண்ணீரில் சாயம் சரியாக இறங்காது. பலர் விட்டுவிடுகிற படி இதுதான், வித்தியாசம் தெரிவதும் இதில்தான்.

3. தேயிலையைப் போடுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் 2 கிராம். இல்லையென்றால் பி.ஓ.பி.யில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், முழு இலையாக இருந்தால் குவித்து ஒரு டீஸ்பூன். முழு இலை இடத்தை அடைக்கும், எடை இருக்காது. சி.டி.சி. கனமானது என்பதால் முக்கால் டீஸ்பூன் போதும்.

4. தண்ணீர் மீண்டும் தளதளக்கும்போது நேராக இலையின் மேல் 200 மி.லி. ஊற்றி உடனே மூடுங்கள். மூடி சூட்டையும் காக்கும், ஆவியோடு பறந்துவிடும் வாசனையையும் காக்கும்.

5. நேரத்தை வையுங்கள். டஸ்ட், சி.டி.சி. என்றால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். பி.ஓ.பி. மூன்று. ஓ.பி. நான்கு முதல் ஐந்து. நடுவில் ஒரு தடவை லேசாகக் கலக்கினால் போதும். மலைமேல் இருப்பவர்கள் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

6. நேரம் வந்ததும் வேறு கோப்பைக்கு வடிகட்டுங்கள். கடைசிச் சொட்டு வரை வடியட்டும், ஆனால் வடிகட்டியில் இருக்கும் இலையை ஸ்பூனால் அழுத்திப் பிழியாதீர்கள். இலையில் தங்கியிருக்கும் அந்தச் சாறுதான் அதிகம் துவர்க்கும். டீ பேக்குக்கும் இதே விதி.

டீ பாட் ஒன்றில் ஒரேயடியாக நான்கு பேருக்குப் போட்டு, ஒவ்வொருவராக வர வர ஊற்றிக் கொடுத்தால் கடைசி ஆளுக்குக் கஷாயம்தான் மிஞ்சும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வடித்துவிட வேண்டும்.

கடுப்பு போதவில்லையா?

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது இன்னும் இரண்டு நிமிடம் ஊறவிடுவது. வேண்டாம். நிறமும் மணமும் காஃபினின் பெரும்பங்கும் முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு இறங்குவதில் துவர்ப்பே மிகுதி. கடுப்பு வேண்டுமென்றால் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு இலையை அரைக் கிராம் கூட்டுங்கள். லைட்டாக வேண்டுமென்றால் அதேபோல் அரைக் கிராம் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்று நாளில் உங்களுக்கான அளவு பிடிபட்டுவிடும்.

தேயிலை சுவைஞர்கள் 100 மி.லி.க்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவிடுகிறார்களே என்று கேட்கலாம். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் அளவு அது. ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிடவும், குறைகளைத் துருவி எடுக்கவும் வகுத்தது. அவர்கள் அதை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடுவார்கள். உட்கார்ந்து குடிக்க ஏற்ற அளவில்லை.

எங்கே தவறியது?

நாக்கை இழுத்துப் பிடிக்கிறது என்றால் நேரம் அதிகம், அல்லது இலை பொடி. நிறம் இருக்கிறது, ருசி இல்லை என்றால் தூள் பழசு. வெளிறிப்போய்த் தண்ணீராக இருந்தால் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, அல்லது கோப்பையைச் சூடாக்கவில்லை. வழக்கத்துக்கு மாறாகக் கருநீலமாகத் தெரிந்தால் தண்ணீரிலோ பாத்திரத்திலோ இரும்புச் சத்து இருக்கிறது. இரும்பு தேயிலைச் சத்தோடு சேர்ந்தால் கறுக்கும். மசாலா வாசனை அடித்தால் டப்பாவைப் பாருங்கள். தேயிலை பக்கத்தில் இருப்பதன் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள், பெருங்காயம் இருக்கும் அலமாரி அதற்கு ஆகாது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி, ஈரக் கரண்டி படாமல் வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம். வெளியே எடுக்கும்போது வேர்த்து ஈரம் கோத்துவிடும்.

குடிப்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது

வடித்த உடனே வாயில் வைக்காதீர்கள். நான்கைந்து நிமிடம் ஆறட்டும். வாய் பொசுங்கும் சூட்டில் ருசி எதுவும் தெரியாது. 65 டிகிரிக்கு மேலான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆறினதும் சத்தம் வர உறிஞ்சிக் குடித்துப் பாருங்கள். காற்றோடு சேர்ந்து போகும்போதுதான் மணம் மூக்குக்கு எட்டும். வீட்டில் பெரியவர்கள் திட்டினால் சுவைஞர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு மூன்று மிடறு சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டு, பிறகு வேண்டுமானால் சேருங்கள். நல்ல இலையாக இருந்தால் பாதி ஸ்பூனே போதும் என்று தோன்றும். இலங்கையில் பிளேன் ரீ என்று சொல்லும் பால் கலக்காத டீயோடு பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பார்கள். கலக்காமல் கடித்துக்கொள்வதால் டீயின் ருசியும் இனிப்பும் தனித்தனியே தெரியும். இஞ்சி வேண்டுமென்றால் தட்டிய சிறு துண்டைத் தண்ணீரிலேயே போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்து இலைமேல் ஊற்றுங்கள். எலுமிச்சை கடைசியில், வடிகட்டிய பிறகு, ஐந்தாறு சொட்டு. புளிப்பு பட்டதும் சாயம் சட்டென்று வெளுக்கும். பயப்பட வேண்டாம், நிறம்தான் மாறுகிறது. நுவரெலியா, நீலகிரி மாதிரி மெல்லிய தேயிலையில் எலுமிச்சை சேர்த்தால் அதன் மணம் அடிபட்டுப் போகும், கனமான தேயிலைக்கே அது பொருத்தம்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். பருப்பு, கீரை போன்றவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பிளாஸ்கில் எடுத்துப் போவதென்றால் வடிகட்டிய டீயை மட்டும் ஊற்றுங்கள், இலையோ டீ பேக்கோ உள்ளே போகக் கூடாது. மீந்ததை பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கலங்கித் தெரியும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். காஃபினும் சாயச் சத்தும் குளிரில் ஒன்றுசேர்ந்து பிரிவதால் வரும் கலங்கல் அது, நல்ல கனமான டீயில்தான் அதிகம் வரும். கொஞ்சம் கொதிநீர் விட்டால் மறுபடி தெளிந்துவிடும்.