ஆட்சி மாறினால் டெண்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆட்சி மாறியதும் புதிய ஆளுங்கட்சிக்காரர்களிடம் சால்வையோடு ஓடாதீர்கள், பழைய ஆட்சிக்கு நெருக்கமானவர்களே அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். ஆனால் ஆட்சியோடு தொழில் நிலவரமும் மாறும்: 2007ல் தொடங்கி முடங்கிக் கிடந்த அரசு கேபிள், 2011ல் ஆட்சி மாறியதும் எழுந்து வந்து தனியார் கேபிள் நிறுவனங்களை ஆட்டிவைத்தது நினைவிருக்கிறதா?

சென்னையில் சின்ன கான்ட்ராக்டர் என்றால் மாநகராட்சியின் பழைய டெண்டரையும் புதியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆண்டு வருமானம், முன் அனுபவம், இயந்திரம் என நிபந்தனைகள் திடீரென யாரோ ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தால், டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. அப்புறம், தகுதி இருந்தும் தள்ளிவிட்டால், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை வண்டி ஓட, கையில் நாலு தனியார் வேலை இருக்கட்டும்.