ஒலிப்பதிவுடன் வரும் வயலின் பாடநூலைப் பயன்படுத்தும் முறை

வயலின் பாடநூலோடு ஒலிப்பதிவும் கையில் கிடைத்தவுடன், பலரும் புத்தகத்தை விரித்து, பதிவை ஓடவிட்டு, கூடவே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதிவில் வாசிப்பவரின் நாதம் நம் வாசிப்பை மூடிவிடுவதால், சுருதி பிசகுவதும் வில் தடுமாறுவதும் நம் காதுக்கே எட்டாமல் போகின்றன.

ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) உருவாக்கிய பாடநூல் வரிசையை எடுத்துக்கொள்வோம். குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசுவதுபோல இசையும் காது வழியாக வர வேண்டும் என்பது அவர் கொள்கை. குரு பாடக் கேட்டுச் சரளி வரிசை கற்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆகவே ஒரு பாடத்தைத் தொடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதன் பதிவை நாள்தோறும் கேட்டு, மெட்டு தானாக வாயில் வரும் நிலையில்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அப்போதும் வாத்தியத்தை எடுக்காமல், பென்சிலுடன் உட்கார்ந்து, வில் திசை மாறும் இடங்களையும் சொற்றொடர் போல் இசை முடிந்து மூச்சு வாங்கும் இடங்களையும் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சுருதி. முதல் நூலின் 'ட்விங்கிள்' மெட்டு, விரல் வைக்காத ஏ தந்தியில் தொடங்கி, விரல் வைக்காத ஈ தந்திக்குத் தாவுகிறது. ஆதலால் பதிவின் தொடக்கத்தை மட்டும் கேட்டே இரண்டு தந்திகளையும் சரிபார்த்துவிடலாம். கர்நாடக முறையில் ச-ப-ச-ப என்று சேர்த்த வயலினை இதற்காக அடிக்கடி ஏற்றி இறக்கினால் தந்திகள் தாங்குவது கடினம். இயன்றால் தனி வயலின் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

முதல் நூலின் 17 பாடங்களில் 12-ஆவதான 'எட்யூட்' (பயிற்சி உருப்படி) பலரையும் தடுமாற வைக்கும். அதுவரை மூன்றாம் விரலை ஒட்டி நின்ற இரண்டாம் விரல், இங்கே முதல் விரலை ஒட்டிப் பின்வாங்க வேண்டும். கைபேசிச் செயலியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 70 விழுக்காடாகக் குறைத்து, இரண்டு அளவைகளை (இசைக்குறிப்பில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை) கேட்டு நிறுத்தி, அவற்றை மட்டும் வாசித்துப் பதிவுசெய்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், விரல் எங்கே சற்று மேலேறி நிற்கிறது என்பது உடனே புலப்படும்.

வாசிக்காமல் கேட்க மட்டும் விரும்புவோர் 15-ஆவது பாடமான ஜி மேஜர் மினுவெட் என்ற நடன இசையில் தொடங்கலாம். நெடுங்காலம் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) பெயரில் வழங்கிய இதை இயற்றியவர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் என்று இன்று ஏற்கப்பட்டுள்ளது. விசைப்பலகைக்காக எழுதப்பட்ட வடிவத்தையும் வயலின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், மும்மூன்றாக வரும் நடன நடையை வில் எப்படித் தாங்குகிறது என்பது தெரியும்.

பியானோ மட்டும் ஒலிக்கும் பதிவை, துணையின்றித் தடையில்லாமல் வாசிக்க வந்த பிறகே பயன்படுத்துங்கள். பாடகருக்காகக் காத்திருக்கும் பக்கவாத்தியக்காரரைப் போல அந்தப் பியானோ காத்திருக்காது. பிசகினால் நிறுத்தித் திருத்த முயலாமல், அடுத்த அளவையின் முதல் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.