அப்பாவின் காருக்குப் புதுச் செட்: பழைய பிளக்கை வெட்டாமல் பூட்டுவது

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் வானொலிச் செட்டை மாற்றுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. அங்கே எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இலோ 95இலோ முடிந்துவிடும். இங்கே இலங்கையில் 108 வரை நிலையங்கள் இருக்கின்றன. சூரியனும் சக்தியும் தென்றலும் எப்படி ஒழுங்காகப் பிடிக்கும்? போதாததற்கு, டொயோட்டாவின் பல நவிகேஷன் செட்டுகள் ஒருமுறை பற்றரி இறங்கினாலே திறப்பு எண் (ஈ.ஆர்.சி.) கேட்டு லொக் ஆகிவிடும்.

சொந்தக் காரென்றால் வயரை வெட்டி முறுக்கி ரேப் சுற்றிவிட்டுப் போகலாம். அப்பாவின் காரிலோ அக்காவின் காரிலோ அது சரிவராது. நாளைக்கு ஹோர்ன் அடிக்காவிட்டாலும் பழி உங்கள் தலையில்தான் விழும். ஆகவே காரோடு வந்த பிளக்கில் கத்தி படக்கூடாது. அந்தப் பிளக்கில் செருகக்கூடிய கப்ளர் ஒன்றை வாங்கி, புதுச் செட்டின் வயர்களை அந்தக் கப்ளரோடு மேசையில் வைத்து இணைத்து, கடைசியில் காரில் செருக வேண்டும். வேலையில் பாதி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் காருக்குள் குனிந்திருந்து ஈயம் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செட்டைத் தெரிவுசெய்யும்போது ஓட்டப்போகிறவரை நினையுங்கள். வயதானவருக்கு முழுத் தொடுதிரை செட் வேண்டாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்க வேண்டும். குலுங்கும் காரில் விரலால் திரையைத் தேடுவது ஆபத்து. பெட்டியில் 4×50 வாட் என்று இருந்தாலும் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாக 20 வாட் அளவுதான் வரும். கார் ஸ்பீக்கருக்கு அது போதும்.

அளவும் முக்கியம். டொயோட்டாவின் ஓட்டை 200×100 மில்லிமீற்றர், பொதுவான டபுள் டின் (இரட்டை உயர) செட் 178×100. இரண்டு பக்கமும் 11 மில்லிமீற்றர் இடைவெளி விழும். அதை மூட ஸ்பேசர் வாங்க வேண்டும், அல்லது 200 மில்லிமீற்றர் முகப்புள்ள செட்டாகவே எடுக்க வேண்டும். அதோடு கப்ளர், ஏரியல் அடப்டர் (பல ஜப்பான் கார்களின் ஏரியல் பிளக் மெல்லியது), சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ், கேபிள் டை, பிளாஸ்டிக் நெம்புகோல், மல்டிமீற்றர் ஆகியவையும் வேண்டும்.

அடுத்தது வயர்களின் நிறம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான். புதுச் செட்டில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட், கறுப்பு ஏர்த். நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு அம்ப்ளிஃபயருக்கு. ஸ்பீக்கர்கள்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருப்பது மைனஸ்.

டொயோட்டாவின் சொந்தப் பிளக்கில் கதையே வேறு. அங்கே எப்போதும் வரும் மின்சாரம் நீலத்தில் மஞ்சள் கோடு, சாவி மின்சாரம் சாம்பல், ஏர்த் பழுப்பு. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் நான்கும் பின் ஸ்பீக்கர்கள்! மஞ்சளை மஞ்சளோடும் சிவப்பைச் சிவப்போடும் சேர்த்தால் பின் ஸ்பீக்கருக்குள் நேரே 12 வோல்ட் போகும். கப்ளர் வாங்கினாலும் அதன் நிறங்களை நம்பிவிடாதீர்கள். பழைய செட்டைக் கீழே சொல்லும் முறையில் கழற்றி, கப்ளரை மட்டும் காரில் செருகி, பற்றரியைத் திரும்பக் கொடுத்து மல்டிமீற்றரால் அளந்து, ஒவ்வொரு வயரிலும் வெள்ளை ரேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகே மேசைக்குப் போங்கள்.

இணைக்கும்போது ஒவ்வொரு வயரிலும் ஒரு சென்ரிமீற்றர் தோல் உரித்துச் செம்பைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் சரி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நின்ற காரென்றால், முன்பு யாரோ வெட்டிய வயரின் நுனி பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும். அதில் ஈயம் பிடிக்காது, உருண்டு விழும். பளபளப்புத் தெரியும்வரை நறுக்குங்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் கட்டு தடித்துச் செட்டுக்குப் பின்னால் அடங்காது. ஒவ்வொன்றையும் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஸ்லீவை ஈயம் ஒட்டுவதற்கு முன்பே வயரில் கோர்க்க வேண்டும் (மறக்காதவர் யாருமில்லை). இன்சுலேஷன் ரேப் மட்டும் போதாது. டாஷ்போர்டுக்குள் ஏறும் சூட்டில் அதன் பசை இளகி, ஒரு வருடத்தில் ரேப் வழுக்கிக் கழன்றுவிடும்.

இனிக் கார். பழையது நவிகேஷன் செட் என்றால், பற்றரியில் கை வைக்குமுன் யோசியுங்கள்: கழற்றினால் அது லொக் ஆகலாம், பிறகு திரும்பப் பூட்டினாலும் திறப்பு எண் இல்லாமல் வேலை செய்யாது. இதை வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை வேளையில், ஹாண்ட்பிரேக் இழுத்து, சாவியை வெளியே எடுத்து, 10 ஸ்பனரால் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான அக்வாவில் 12 வோல்ட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள் எதையும் தொட வேண்டாம். அது ஹைபிரிட்டின் உயர்மின் வயர். எயார்பாக்கின் மஞ்சள் பிளக்குகளும் அப்படியே. மைனஸைக் கழற்றி 90 செக்கனாவது கழிந்த பிறகு செட்டைச் சுற்றியுள்ள பெனலில் கை வையுங்கள்.

கியர் லீவரின் மேல் துணி விரியுங்கள். பெனலின் ஓரத்தில் நெம்புகோலை விட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். நடுவில் இழுத்தால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வெடிக்கும். பிறகு நான்கு போல்ட், செட் வெளியே வந்துவிடும். பக்கத் தகடுகளைக் கழற்றிப் புதியதில் மாற்றுங்கள்.

கப்ளரைச் செருகிப் பற்றரியைக் கொடுத்து, பெனல் மூடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சோதியுங்கள். சாவியை எடுத்ததும் செட் அணையவில்லையா? சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டு நாளில் பற்றரி படுத்துவிடும். நேரமும் நிலையங்களும் ஒவ்வொரு முறையும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. வானொலி மட்டும் மங்கலாக இழுத்தால் நீல வயரைப் பாருங்கள். கட்டை ஏரியல் உள்ள கார்களில் ஏரியலுக்கும் 12 வோல்ட் வேண்டும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ‘ஙொய்’ என்று ஏறி இறங்கினால் ஏர்த் சரியில்லை. பெயின்ற் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள். சத்தம் இருந்தும் தவில் அதிரவில்லை என்றால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. எந்த ஸ்பீக்கர் மைனஸையும் காரின் இரும்பு உடலில் தட்டவிடாதீர்கள். செட்டின் அவுட்புட்டே போய்விடலாம்.

செட்டுக்குப் பின்னால் வயர்க் கட்டைப் பஞ்சுத் துணி ரேப்பால் சுற்றிக் கீழ்ப்பக்கம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பள்ளம் விழுந்த வீதியில் கடகட என்று ஆடும், வீட்டார் அதை உங்களிடம்தான் சொல்வார்கள். பற்றரி கழற்றியதால் பவர் விண்டோவின் ஓட்டோ வேலை செய்யாமல் போகலாம்; கண்ணாடியை முழுக்க உயர்த்தி, சுவிட்சைச் சில செக்கன் பிடித்தால் பல கார்களில் திரும்பிவிடும். பழைய செட்டையும் அதன் போல்ட்டுகளையும் ஒரே பையில் கட்டிக் கொடுங்கள், காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கலாம்.

கடைசியாக ஒரு அளவு. காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பற்றரியின் மைனஸுக்கும் அதிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் இடையில் மல்டிமீற்றரை 10 அம்பியர் அளவில் வையுங்கள். அப்போது எஞ்சினை ஸ்ரார்ட் செய்யக்கூடாது, மீற்றர் எரிந்துவிடும். 50 மில்லி அம்பியருக்குக் கீழே நின்றால் நல்லது. அதற்கு மேலென்றால் செட்டின் பியூஸை உருவிப் பாருங்கள். மீற்றர் இறங்கினால் குற்றவாளி நீங்கள் பூட்டிய செட். இறங்காவிட்டால் காரில் முன்பே இருந்த கோளாறு.