குடையை விரித்ததும் நின்ற நாய்கள்

சிங்கப்பூரில் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சுங்கை காடுட்டில் உள்ள பட்டறைக்கு விடியற்காலையில் நடந்துதான் போவேன். போன மாதம் மூன்று தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. ஓடினேன், அதுதான் தப்பு. ஓடுவதைக் கண்டால் நாய் துரத்தத்தான் செய்யும். ஒரு செருப்பு போனது.

மறுநாள் ஓடவில்லை. கண்ணை உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று, பட்டன் குடையை எனக்கும் நாய்களுக்கும் நடுவே 'டப்'பென்று விரித்தேன். முன்னால் வந்த பழுப்பு நாய் நாலடி பின்வாங்கித் தும்மியது! குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி, முதுகு காட்டாமல் மெல்ல நகர்ந்தேன். வேலி மூலையோடு நின்றுவிட்டன. அடிக்க ஓங்கவே இல்லை. ஓங்கினால் இன்னும் சீறும்.

சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. இருந்தாலும் கடிபட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

வெயில் நாளிலும் குடையா என்று அறையில் அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.