தாய்லாந்து, லாவோஸ் ஊர்ப் பெயர்களுக்குப் பொருள் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தாய்லாந்து வரைபடத்தை விரித்தால் நமக்குக் கை துறுதுறுக்கும். காஞ்சனபுரி, ராட்சபுரி, சூரத் தானி, உபோன் ராட்சதானி என்று எல்லாம் நம் பக்கத்துப் பெயர்கள் மாதிரியே இருக்கும். உடனே "அந்தக் காலத்தில் நம் ஆட்கள் அங்கே ஆண்டிருக்கிறார்கள்" என்று ஒரு பதிவு கிளம்பிவிடும். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். ஒரு பெயர் எந்த மொழிச் சொல் என்பது ஒரு கேள்வி, அதை யார் எப்போது வைத்தார்கள் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

சூரத் தானியையே எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்தில் சூரத் இருக்கிறது, அதன் வழியே தபதி ஆறு ஓடுகிறது. தென் தாய்லாந்தில் சூரத் தானி இருக்கிறது, அங்கே ஓடும் ஆற்றின் பெயர் தாபி. குஜராத்தி வணிகர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் போய்க் குடியேறியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. இரண்டு பெயரையும் வைத்தவர் ஆறாம் ராமா எனப்படும் வஜிராவுத் மன்னர், வைத்த வருடம் 1915. இந்தியாவின் சூரத்தை மனதில் வைத்தே வைத்தார். தாய்லாந்து எழுத்தில் அதை சு-ராஷ்ட்ரம் என்பதுபோல எழுதுவதால் 'நல்ல மக்களின் ஊர்' என்ற பொருளும் கூடவே வந்துவிட்டது. அந்த நகரத்தின் பழைய பெயர் பான் டோன், அதாவது மேட்டுக் கிராமம். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அப்படிச் சொல்வதுண்டு. அந்த மண்ணைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்வது இந்தச் சின்னப் பெயர்தான்.

உடோன் தானியும் இதே கதை. பிரெஞ்சுக்காரர்களோடு 1893இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி மேகோங் கரையில் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் படை இருக்கக்கூடாது என்றானது. இளவரசர் பிரசாக் தன் ஆட்களோடு தெற்கே நகர்ந்து வந்து தங்கிய இடம் பான் மாக் கேங், ஒரு மரத்தின் பெயரைக் கொண்ட கிராமம். 'வடக்கு நகரம்' என்று பொருள்படும் உடோன் தானி என்ற பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே புரி, தானி, நகோன் என்று முடிந்தாலோ தொடங்கினாலோ, முதல் வேலையாக அந்த ஊருக்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று தேடுங்கள்.

அடுத்தது, காதில் விழுவதை அப்படியே நம்புவது. புரிராம் என்று கேட்டதும் ராமன் ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். தாய்லாந்து எழுத்தில் பார்த்தால் கடைசியில் யகரம் ஒன்று நிற்கிறது, உச்சரிக்காதே என்ற குறியை அதன் தலையில் வைத்துக்கொண்டு. அது ரம்யம், 'இனிமையான ஊர்'. ராமனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகோன் சவான் சுவர்ண நகரம் அல்ல, சுவர்க்க நகரம். உண்மையிலேயே பொன் இருப்பது சுபன்புரியில். அங்கே சுவர்ணத்தின் வகரம் பகரமாகிவிட்டதால் நம் காது அதை விட்டுவிடுகிறது. இந்த மாற்றங்கள் கண்டபடி நடப்பதில்லை, ஒரு ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் கடைசியில் நிற்கும் ரகரத்தையும் லகரத்தையும் தாய்லாந்துக்காரர்கள் னகரமாக உச்சரிப்பார்கள். அதனால்தான் நகர என்பது நகோன், உத்தர என்பது உடோன், தாமரையைக் குறிக்கும் பாலிச் சொல் உப்பல என்பது உபோன். வகரம் பல இடங்களில் பகரமாகும். பிட்சனுலோக் என்பது விஷ்ணுலோகம் என்று பிடிபடுவது இது தெரிந்தபிறகுதான். ஆங்கில எழுத்தில் இருப்பதை வைத்துப் பொருள் சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள்.

பக்கத்து நாட்டு எழுத்தும் சில சமயம் கைகொடுக்கும். லாவோஸின் தலைநகரான வியன்டியானை அவர்கள் வியாங் சன் என்கிறார்கள். வியாங் என்றால் மதில் சூழ்ந்த ஊர். சன் என்பது சந்திரனா சந்தனமா? லாவோ எழுத்து ஒலியை மட்டும் காட்டும் என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படும். ஆனால் தாய்லாந்தில் அதே பெயரை ஓசையில்லாத எழுத்துகளோடு எழுதுகிறார்கள், அந்த எழுத்துகள் சந்தனத்தையே காட்டுகின்றன.

சமஸ்கிருதம், பாலியைத் தாண்டி, இந்த நாடுகளின் ஊர்களில் பெரும்பாலானவை தை மொழிகளின் சொந்தச் சொற்களால் ஆனவை. (தாய்லாந்து மொழி, லாவோ, மியான்மரின் ஷான், சீனாவின் சுவாங், அசாமின் அகோம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'தாய்மொழி' என்று குழம்பாமல் இருக்கவே தை என்று எழுதுகிறேன்.) எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பெயரைப் படித்தாலே நிலம் தெரியும். பான் கிராமம், நா வயல், நொங் குளம், ஹுவை ஓடை, தா துறை, நாம் தண்ணீர் அல்லது ஆறு, பாக் வாய். லுவாங் பிரபாங்கிலிருந்து மேகோங்கில் மேலே போனால் பாக் ஊ வரும், புத்தர் சிலைகள் நிறைந்த குகைகள் உள்ள இடம். நாம் ஊ என்ற ஆறு மேகோங்கில் சேரும் வாய் அது. தெற்கே பாக்சே நகரம், அங்கே சே டோன் ஆறு வந்து கலக்கிறது. ஹோ சி மின் 1941இல் தங்கியிருந்த, வியட்நாமின் சீன எல்லையோரத்துப் பாக் போவும் இப்படித்தான், ஊற்றின் வாய். வரைபடத்தில் பாக் என்று பார்த்தால் விரலை வைத்து நீரோட்டத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் ஒரு சங்கமம் அகப்படும்.

இங்கே சறுக்குகிற இடம் 'மே'. மே சாய், மே சொட், மே ஹொங் சொன் என்ற பெயர்களில் வரும் மே அம்மா என்று உருக்கமாக எழுதுவார்கள். அம்மாவுக்கும் அதே சொல்தான், ஆனால் வட தாய்லாந்து ஊர்ப் பெயர்களில் அது ஆறு. மேநாம் என்றாலும் ஆறுதான். பழைய ஐரோப்பிய வரைபடங்கள் சாவ் பிரயா ஆற்றுக்கு மேநாம் என்றே பெயர் போட்டிருப்பது இதனால்தான். ஆறு என்று யாரோ சொன்ன பதிலைப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் தொனி. தமிழிலோ ஆங்கிலத்திலோ மாய் என்று ஒரே மாதிரி எழுதுவது அவர்கள் வாயில் தொனிக்குத் தக்கபடி புதிது, மரம், பட்டு, இல்லை என்று நாலு சொல்லாகும். 1296இல் மங்ராய் மன்னர் கட்டிய சியாங் மாய் 'புதிய நகரம்'. காவ் என்பது குன்றாகலாம், அரிசியாகலாம், வெள்ளையாகலாம். தாய்லாந்து எழுத்தில் தொனியையும் உயிரொலியின் நீளத்தையும் பார்க்காமல் பொருள் சொல்லவே கூடாது.

எல்லை தாண்டினால் ஒரே சொல் வேறு உடை போட்டுக்கொள்ளும், இதையும் பலர் கவனிப்பதில்லை. சியாங் மாயின் சியாங், லாவோஸில் சியெங், ஷான் மாநிலத்தில் கெங்டுங்கின் கெங், சீனாவின் யுன்னானில் ஜிங்ஹொங்கின் ஜிங். இந்த ஜிங் வேறு, பெய்ஜிங்கில் இருப்பது வேறு. மியாங் என்பது ஷானில் மோங், யுன்னானில் மெங், லாவோஸில் இன்று மாவட்டத்துக்கே அந்தப் பெயர். அதை வெறுமனே நகரம் என்று மொழிபெயர்த்தால் பாதி போய்விடும். சோழர் கல்வெட்டுகளில் வரும் நாடு போல, ஊரும் அதைச் சுற்றிய ஆட்சிப் பகுதியும் சேர்ந்தது அது. சீனாவின் குவாங்ஷியில் 'நா' என்று தொடங்கும் ஊர்கள் நிறைய. அவற்றை எழுதும் சீன எழுத்துக்கு 'அந்த' என்று பொருள், ஆனால் அது ஒலிக்காகக் கடன் வாங்கியது, உள்ளே இருப்பது சுவாங் மொழியின் வயல்.

இவ்வளவும் தெரிந்தபின் வருகிற தவறு, எங்கே பார்த்தாலும் தை சொல்லைக் காண்பது. வியட்நாமின் நாம் தண்ணீர் அல்ல, சீனத்திலிருந்து வந்த தெற்கு. தியென் பியென் பூ இருப்பது தை மக்கள் வாழும் பள்ளத்தாக்கில்தான், லாவோவில் பூ என்றால் மலையும்தான், ஆனால் அந்தப் பெயரின் பூ சீன-வியட்நாமியச் சொல், நிர்வாகப் பிரிவைக் குறிப்பது. அந்த இடத்தின் தை பெயர் மியாங் தேங். சிக்கிமின் நாம்சி பூட்டியா மொழிப் பெயர். அசாமில் மட்டும் நாம் என்பது நிஜமாகவே தை. 1228இல் பட்காய் மலை தாண்டி வந்த சுகபா அகோம் அரசை நிறுவினார். நாம்ரூப், நாம்டாங் எல்லாம் அந்த வழி வந்த பெயர்கள், அவர்களுடைய பழைய தலைநகரான சராய்தேவுவின் கடைசியில் இருப்பது வட தாய்லாந்தில் மலையைக் குறிக்கும் அதே டோய். ஆனால் அதே அசாமில் பக்கத்திலேயே ஓடும் திஹிங், திசாங் ஆறுகளில் இருக்கும் 'தி' போடோ-கச்சாரி மொழிகளின் தண்ணீர். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு குடும்பம்.

கடைசியாக நம் விஷயம். தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அதில் ஒரு குளமும் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவும் வருகின்றன. இது உறுதியான சான்று, தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தக்குவா பாதான் என்பது பெயர் ஒற்றுமையை வைத்துச் சொல்வது. ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இன்றைய தாய்லாந்து மொழியில் தக்குவா ஈயம், பா காடு. வெள்ளீயம் தோண்டிய பகுதி அது. பழைய பெயர் ஒன்றைப் புது மொழிக்காரர்கள் தங்களுக்குப் புரிகிற சொல்லாக மாற்றிக்கொண்டதாகவும் இருக்கலாம், முழுக்கத் தனியான பெயராகவும் இருக்கலாம். பூகெட் தீவை மணிக்கிராமத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மணிக்கிராமம் என்பது வணிகர் குழுவின் பெயர், அந்தக் கல்வெட்டிலும் அது ஊராக வரவில்லை.