விபத்து இழப்பீட்டு வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் புதிதாக வழக்கு நடத்த வரும் இளம் வழக்கறிஞர்களும், அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பத்தாரும் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். முகவரிப் பிழை, விடுபட்ட கையெழுத்து போன்றவற்றை நீதிமன்ற அலுவலகமே சுட்டிக்காட்டி மனுவைத் திருப்பிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. மனு எண்ணிடப்பட்டு, சாட்சி விசாரணை வரை வந்தபின் வழக்கையே சாய்த்துவிடும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏ.ஆர். காப்பியைப் படிக்காமல் மனுப் போடுவது

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் வந்த நேரம், அழைத்து வந்தவர், அங்க அடையாளங்கள், காயங்களின் அளவு ஆகியவற்றோடு, எப்படி அடிபட்டது என்று சொல்லப்பட்டதையும் ஒரே வரியில் எழுதுகிறார். இதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். விபத்துக்குப் பின் எழுதப்படும் முதல் ஆவணம் பெரும்பாலும் இதுவே. இழப்பீடு கேட்கும் எண்ணம் யாருக்கும் வராத நேரத்தில் எழுதப்பட்டது என்பதால், அந்த ஒரு வரிக்குத் தீர்ப்பாயம் பெரும் மதிப்புத் தருகிறது.

அந்த வரியில்தான் குடும்பத்தார் உண்மையை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். கார் மோதியது என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், சிகிச்சை தாமதமாகும் என்று பயந்து, ‘வண்டியிலிருந்து தவறி விழுந்துவிட்டார்’ என்கிறார்கள். முதலில் சிகிச்சை, மற்ற நடைமுறைகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. விபத்தில் சிக்கியவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்றுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அப்படியிருந்தும் இந்தப் பயம் குறையவில்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

மேல்முறையீட்டுக்காக என்னிடம் வந்த ஒரு வழக்குக் கட்டைச் சொல்கிறேன். மனுதாரர் ஒரு கொத்தனார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் பின்னால் வந்த கார் மோதித் தொடை எலும்பு முறிந்தது. அழைத்துச் சென்ற மைத்துனர் ‘தானாக விழுந்தார்’ என்று சொல்ல, மருத்துவர் அப்படியே எழுதினார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. மனுவைத் தயாரித்த இளம் வழக்கறிஞர் அந்த வரியைக் கவனிக்காமல், ஏ.ஆர். காப்பியை மனுதாரர் தரப்புச் சான்றாவணமாகத் தாமே குறியீடு செய்துவிட்டார். குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், ‘இதில் எழுதியிருப்பது சரிதானே?’ என்று மட்டும் கேட்டார். பதிவு எழுதப்பட்டபோது மயக்கத்தில் கிடந்த அந்த மனிதர், மருத்துவமனைக் காகிதம் தப்பாக இருக்காது என்று நம்பி, ‘சரி’ என்றார். மனு தள்ளுபடியானது. தொடையில் பிளேட் வைத்த ஒருவர், இனிச் சாரம் ஏற முடியாத நிலையில், வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

முதல் தகவல் அறிக்கை தாமதமானதற்குத் தக்க விளக்கம் இருந்தால் அதை மட்டுமே காரணமாக வைத்து வழக்கைத் தள்ளக்கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் விளக்கத்தை நாம்தான் தர வேண்டும். பதிவேட்டில் தவறான வரி இருந்தால் அதை மனுவிலேயே ஒப்புக்கொண்டு, சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்று எழுதி, அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். மோதிய வண்டியின் சேதத்தைக் குறித்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும், ஓட்டுநர் மீதான குற்றப்பத்திரிகையையும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். உண்மையிலேயே தானாக விழுந்தவருக்காக ஏதோ ஒரு வண்டி எண்ணைச் செருகுவது மோசடி; அப்படிக் கேட்டு வரும் கட்சிக்காரரை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஊன விழுக்காட்டையே வருமான இழப்பாக எழுதுவது

மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழில் 40 விழுக்காடு என்றிருந்தால் வருமான இழப்பும் 40 விழுக்காடு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதைத் தெளிவாக மறுக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதுமே போகிறது; அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே மனுதாரர் விபத்துக்கு முன் செய்த வேலை என்ன, அதில் எந்தெந்த அசைவுகள் தேவை, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். சிகிச்சை அளித்த அல்லது ஊனத்தை மதிப்பிட்ட மருத்துவரை விசாரிக்காமல் சான்றிதழை மட்டும் தாக்கல் செய்தால் போதாது.

ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பிரிவை எதிர்த்து வழக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு யாரும் காத்திருக்க வேண்டாம்.

விபத்து நடந்த ஊருக்கே அலைவது

தேவையில்லை. உளுந்தூர்பேட்டையில் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே மனுப் போடலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் அவசரக் கையெழுத்து

சமரசம் நல்லதுதான், காசோலை சீக்கிரம் வரும். ஆனால் எலும்பு கூடுவதற்கு முன்பே, இன்னோர் அறுவை சிகிச்சை பாக்கியிருக்கும்போதே ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்த உத்தரவே இறுதியானது, அதற்கு மேல்முறையீடு கிடையாது. இதைக் கட்சிக்காரருக்கு அவர் மொழியில் சொல்லி, அவருக்குப் புரிந்தது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

சொந்தப் பாலிசியை எடுத்துப் பார்க்காமல் இருப்பது

வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று தானாக விழுந்து இறந்தால், எதிர்த்தரப்பு இல்லாததால் ஒன்றும் கிடைக்காது என்று குடும்பம் ஓய்ந்துவிடுகிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். அந்தப் பிரீமியம் கட்டப்பட்டிருந்து, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருந்தால், வாரிசுகள் அந்தத் தொகையை நேராகக் காப்பீட்டு நிறுவனத்திடமே கோரலாம். பாலிசித் தாளின் பிரீமியம் கட்டத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வாரமே எழுத்து மூலம் தகவல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வையுங்கள்.