ராக் கார்டன் செடிகள்: தூர் பிரிக்கும்போதும் கட்டிங் வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ப்ஸ், பைரனீஸ், இமயமலை உயரங்களில் வளரும் செடிகளுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்துவிட்டு எழுந்து பூக்கும். அதே செடி பிரிட்டனில் என் வீட்டு ராக் கார்டனில், அதாவது கற்களுக்கு இடையே மலைச்செடிகள் வளர்க்கும் தோட்டத்தில், ஒரு ஜனவரி மழைக்கு அழுகிப்போகும். பனிக்கு அடியில் ஈரம் அதிகம் தங்குவதில்லை. இங்கேயோ செடியின் கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) நாள் முழுக்க நனைந்தே கிடக்கிறது. புதுச் செடி எடுக்கும்போது நாம் கோட்டைவிடுவதும் பெரும்பாலும் இந்த ஈர விஷயத்தில்தான்.

சினோ-ஆர்னாட்டா என்ற சீன ஜென்ஷியன் மலைப்பூச் செடியை எடுத்துக்கொள்வோம். இலையுதிர்காலத்தில்தான் நீலமாகப் பூத்துத் தள்ளும். பூ முடிந்த கையோடு தூரைப் பிரித்தால் வெட்டுக் காயம் ஆறுவதற்குள் குளிர்கால ஈரம் புகுந்துவிடும். மார்ச்சில் தளிர் தலைகாட்டும் வரை பொறுங்கள். அப்போது தோண்டி மண்ணை உதறினால், வெள்ளைக் கயிறு போன்ற தடித்த வேர்கள் தாமாகவே பிரிந்து கையில் வரும், கத்தியே வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு தளிரும் இரண்டு மூன்று வேரும் இருந்தால் போதும். இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு ஆகாது. லண்டன் மாதிரி குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள், இல்லையென்றால் இலை மஞ்சளாகும்.

எல்லாவற்றையும் பிரிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. மணி போலப் பூக்கும் பல்சடில்லா மாதிரி ஆழமாக வேர்விடும் செடியை இரண்டாகப் பிளந்தால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். பைரனீஸ் மலையின் லாங்கிஃபோலியா என்ற சாக்ஸிஃப்ரேஜ் (பாறை இடுக்குகளில் வளரும் செடி வகை) ஒற்றை இலைக்கொத்தாகப் பல வருடம் வளரும். ஒரே தடவை பூத்துச் சாகும். பக்கக்கன்று விடாது, விதைதான் வழி. சதைப்பற்றான இலைக்கொத்துச் செடியான செம்பர்வைவம் நேர் எதிர்: கன்றைக் கிள்ளி மண்ணில் வைத்தாலே பிழைத்துக்கொள்ளும். அதற்கு அறிவுரையே தேவையில்லை.

கட்டிங்குக்கு வருவோம். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்ட கைக்கு இந்தச் சின்ன அளவு பிடிபடக் கொஞ்ச நாளாகும். வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் மெத்தை சாக்ஸிஃப்ரேஜில் ஒரு கட்டிங் என்பது சட்டைப் பொத்தான் அளவு இலைக்கொத்தும் ஒரு சென்டிமீட்டர் தண்டும்தான். பூ முடிந்தபின், மே, ஜூன் வாக்கில், கூரான பிளேடால் எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு இலைகளை ஒன்று விடாமல் உரித்தெடுங்கள். சோம்பல்பட்டு விட்டுவைத்த அந்த ஒரு காய்ந்த இலையில்தான் சாம்பல் பூஞ்சை தொடங்கும். கார்னேஷன் இனத்துச் செடியான டயாந்தஸில் மொட்டு வைத்த கிளையை எடுக்காதீர்கள். அது வேர்விடுவதை விட்டுவிட்டுப் பூப்பதிலேயே குறியாக இருக்கும்.

சத்துள்ள உரமண்ணும் இங்கே வேண்டாம். பெருமணலும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்) போதும், உரம் வேர் வந்தபின். கன்று பிழைக்கட்டும் என்று பூவாளியால் தினமும் மேலே தெளித்து, அதற்கும் மேல் பாலிதீன் பை போட்டுக் கட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் செடிகளைக் கொன்ற அன்பு. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மேல்மணல் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். நிழல் கொஞ்சம், காற்றோட்டம் நிறைய.

அப்புறம், வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்ப்பது. முதல் வருடம் நானும் வாரம் ஒருமுறை பிடுங்கினேன். பன்னிரண்டில் பிழைத்தது மூன்று, அதுவும் தொட்டியின் பின் ஓரத்தில் என் கை எட்டாமல் இருந்தவை. கொத்தின் நடுவில் புது இலை வெளிர்பச்சையாக விரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.